தினையைத் தொடாத எலி

"ஒரு எலியைத் துப்பறியணும்னு வந்திருக்கேன். தயவுசெஞ்சு சிரிக்காதீங்க" என்றார் வாசலில் நின்ற பெண்மணி.

அத்தை சிரிக்கவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தவர் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். மாப்பிள்ளைக்குத்தான் உதட்டோரம் துடித்தது. கணினித் திரையில் பாதி போட்டிருந்த கட்டட வரைபடத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார்.

அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு, நடந்தது விபத்தா வேறு ஏதாவதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்வதுதான் அத்தையின் நெடுநாள் வேலை. ஓய்வு பெற்ற பிறகும், போலீசுக்குப் போக முடியாத சின்னச் சின்னச் சிக்கல்களோடு யாராவது அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். அத்தை சொல்லிலும் நடையிலும் நிதானம். மகளைக் கட்டிய மாப்பிள்ளையோ வெந்நீர் கொதிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுகிற ரகம். அத்தைக்குக் கால் வலி வந்த நாளிலிருந்து கார் ஓட்டும் பொறுப்பு அவருடையது. துப்பறிவதிலும் பாதி தன்னுடையதுதான் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

வந்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவரின் மனைவி. பள்ளியின் அலுவலக வேலை முழுவதும் இவர் கையில்தான்.

"எங்க வீட்டுக்காரரை எல்லாரும் கழுகுன்னுதான் கூப்பிடுவாங்க. ரோட்டுல எது அசைஞ்சாலும் அவர் கண்ணுக்குத் தப்பாதுன்னு மாணவங்க வெச்ச பேரு. இருக்கறது ஒரே கார். கொஞ்ச நாள் முன்னாடி எலி இன்ஜினுக்குள்ள கூடு கட்டிடுச்சு. கந்தல், காகிதம், புழுக்கைன்னு ஒரே நாத்தம். கண்ணாடிக்குத் தண்ணி போற குழாய், நாலஞ்சு வயரு, எல்லாத்தையும் குதறி வெச்சிருந்தது. மெக்கானிக் சுத்தம் பண்ணிக் குடுத்தார். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை வயரைக் கடிச்சிடுச்சு. போன வாரம் மிளகாய் தடவின டேப்பு ஒண்ணு சுத்திக் குடுத்தார், எலிக்கு ஆகாதாம். இன்னிக்குக் காலைல பார்த்தா வண்டி மறுபடியும் கிளம்பல."

"பானெட்டைத் திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார் அத்தை.

"இல்லம்மா. மெக்கானிக் வெளியூர் போயிருக்கார். நீங்க பார்க்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்." அவர் கைப்பையின் வாரை முறுக்கினார். "பக்கத்துல பறவைத் தீவனம் விக்கிற கடை. அங்கேருந்துதான் எலி வருதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. ரெண்டு இடத்துக்கும் ஒரே சொந்தக்காரர், மாடியிலயே இருக்கார். நிரூபிச்சுக் காட்டுங்க, அவனைக் காலி பண்ண வெக்கறேன்னு சொல்றார். ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போட எனக்கு மனசில்ல. இப்படியே போனா எங்க பொழப்பும் போயிடும்."

"எல்லா நாளும் கடிக்குதா?"

வந்ததிலிருந்து முதல் முறையாக அந்த அம்மாள் சிரித்தார். "அதுக்கு எங்க டைம்டேபிள் அத்துப்படி. மைதானத்துல பழகற நாள்ல வண்டி சமத்தாக் கிளம்பிடும். மெயின்ரோடுன்னு சொன்னாப் போதும், முனகக்கூட முனகாது."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அத்தை செருப்பைத் தேடினார்.

பயிற்சிப் பள்ளி ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்புறம் சிறிய அலுவலகம், பக்கவாட்டில் தகரம் வேய்ந்த கார் கொட்டகை. கொட்டகையின் ஒரு சுவர் தீவனக் கடைக்கும் பொது. சுவருக்கு அந்தப் பக்கம் கூண்டுக் கிளிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

கழுகு வாத்தியார் உயரமான மனிதர். கஞ்சி போட்ட சட்டை, கத்தரித்த மீசை. அத்தைக்கு நேராக வந்து நின்று, "வாங்கம்மா, உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். மாப்பிள்ளை அவருக்குப் பக்கவாட்டில் நின்று கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை அந்தக் கையாலேயே பிடரியைச் சொறிந்துகொண்டு, 'பெரிய மனுஷன்னு நெனப்பு' என்று மனதுக்குள் முணுமுணுத்தார்.

கொட்டகைக்கு நடக்கும்போது வாத்தியாரின் தோள் இரும்புத் தூணில் இடித்தது. "இந்தத் தூணை எவன் இங்க நட்டானோ" என்று அதைத் திட்டிவிட்டு, சாவியை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். "பாருங்கம்மா. சனியன் இந்தத் தடவை டேப்பைத் தொடாம அதுக்குக் கீழ கடிச்சிருக்கு. என்ன சுத்தி என்ன பிரயோஜனம்?"

அத்தை பானெட்டைத் தூக்கி, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். இன்ஜினை முடுக்கிவிடும் ஸ்டார்ட்டருக்குப் போகிற மெல்லிய கறுப்பு வயர், டேப்பு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே துண்டாகியிருந்தது. மற்ற வயர்களும் குழாய்களும் போட்டது போட்டபடி இருந்தன. இன்ஜின் மூடியின் மேல் ஒரு பிடி தினையும் காய்ந்த எலிப் புழுக்கைகள் சிலவும் கிடந்தன.

அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தோணுது அத்தை?" மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை.

"கால் வலிக்குதுன்னு தோணுது. இங்க கெடக்கறதை எல்லாம் சிந்தாம ஒரு காகிதத்துல அள்ளி வைங்க. நான் உள்ள போய் இந்த அம்மாகிட்டக் கொஞ்சம் பேசிட்டு வர்றேன்."

அத்தையும் வாத்தியாரின் மனைவியும் அலுவலகத்துக்குள் போனார்கள். மாப்பிள்ளை தினையையும் புழுக்கையையும் பொட்டலம் கட்டினார். சும்மா இருக்க மனம் வராமல் கொட்டகையை ஒரு சுற்று சுற்றினார். பொதுச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, கை முஷ்டி அளவுக்கு ஒரு பொந்து. குனிந்து முகர்ந்தார். தீவன வாசனை. அவருக்கு உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. எலி, பொந்து, தினை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. இதற்கு இனி அத்தை எதற்கு?

மாடிப் பால்கனியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்த கட்டடச் சொந்தக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர் படியிறங்கி வருவதற்குள் தீவனக் கடை வாசலுக்கே போய்விட்டார். கடையில் மூன்று நான்கு வாடிக்கையாளர்கள். உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கடைக்காரரின் மகளாக இருக்க வேண்டும்.

"இது உங்க கடைத் தினைதானே?" பொட்டலத்தைத் தராசுக்குப் பக்கத்தில் விரித்தார் மாப்பிள்ளை.

கடைக்காரர் ஒடிசலான மனிதர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எங்க கடைச் சரக்கு மாதிரிதான் இருக்கு."

"இது வாத்தியார் கார் இன்ஜின் மேல கெடந்தது. புழுக்கையும் இருக்கு, பாருங்க. சுவத்துல பொந்தும் இருக்கு. உங்க கடையில தின்னு கொழுத்த எலி அங்க போய் வயரைக் கடிச்சிருக்கு. வேற என்ன அத்தாட்சி வேணும்?"

கிளிக்கூண்டோடு நின்ற ஒருவர் புழுக்கையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார். இன்னொருவர் எடை போட்டு வைத்திருந்த பையை மெதுவாகத் தராசில் திருப்பி வைத்தார்.

"எலி தீவனக் கடையில இல்லாம எங்க சார் இருக்கும்? நானும் பொறி வெச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர் தாழ்ந்த குரலில். "அந்தப் பொந்தை அடைச்சுக் குடுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கட்டடச் சொந்தக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "படிச்ச மனுஷர் நிரூபிச்சுட்டார். இனி பேச்சே வேணாம். இந்த மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணிடு."

கடைக்காரரின் முகம் செத்துப்போயிற்று. அவர் சொந்தக்காரரைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மூட்டைக்குப் பின்னால் நின்ற மகளைத்தான் பார்த்தார். அந்தப் பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிரித்த மூட்டையை மறுபடியும் கட்ட ஆரம்பித்தாள்.

கொட்டகை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். வழக்கில் ஜெயித்தவர் நிற்கிற நிலையாக அது இல்லை. மாப்பிள்ளை அதை அப்போது கவனிக்கவில்லை.

அத்தை வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மாப்பிள்ளை நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பாராட்டை எதிர்பார்த்து நின்றவரிடம் அத்தை கையை நீட்டினார். "அந்தப் பொட்டலத்தைக் குடுங்க."

பிரித்துப் பார்த்தார். ஒன்றிரண்டு மணிகளை விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பானெட்டுக்குள் குனிந்து, அறுந்த வயரின் இரு முனைகளையும் சீவி முறுக்கிச் சேர்த்து, மேலே டேப்பு ஒட்டினார். கையைத் துடைத்துக்கொண்டே வாத்தியாரிடம் போனார்.

"வண்டி இப்போ கிளம்பும். என்னை மெயின்ரோடு வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்களா?"

வாத்தியார் கொட்டகைக்கு வெளியே பார்த்தார். "இப்பவா? வெயிலா இருக்கேம்மா."

"வெயில் என்னை ஒண்ணும் பண்ணாது."

அத்தை முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்தார். வாத்தியார் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. வாத்தியாரின் கை கியர் பக்கம் போகவே இல்லை.

அத்தை கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களால போக முடியாதுன்னு தெரியும். தெரிஞ்சும் கேட்டது தப்புதான். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

"என்னத்தை அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

அத்தை அவருக்குப் பதில் சொல்வதுபோல் வாத்தியாரைப் பார்த்தே பேசினார். "முதல் தடவை வந்தது நிஜமான எலிதான். கூடு கட்டி, கண்ணுல பட்டதை எல்லாம் குதறியிருக்கு. எலிக்கு இந்த வயரு அந்த வயருன்னு கிடையாது. அதுக்கப்புறம் வந்த எலி வேற மாதிரி. ஒரே ஒரு வயரு. வண்டி கிளம்பாது, ஆனா ஓட்டறவங்களுக்கு ஆபத்து கிடையாது. பிரேக் பக்கம் வாயே வெக்கல. வண்டியைப் பத்தித் தெரிஞ்ச, மனுஷங்க மேல அக்கறையுள்ள எலி."

மாப்பிள்ளை முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"எலி கொறிச்சா வயரோட மேலுறை தூள்தூளா உதிர்ந்து கெடக்கும். இங்க ஒரு தூள்கூட இல்ல. வெட்டு ரெண்டு பக்கமும் சின்னதா வளைஞ்சிருக்கு. நகவெட்டி வெட்டினா அப்படித்தான் இருக்கும். சரி, புழுக்கை? காஞ்சு தூசி படிஞ்சு போன பழசு. எங்கேயோ கூட்டி அள்ளிட்டு வந்து போட்டது. தினையைப் பாருங்க மாப்பிள்ளை. ஒரு மணிகூட உடையல, உமி உரியல. பசியோட வந்த எலி ஒரு பிடி தினையைத் தொடாம விட்டுட்டு, பிளாஸ்டிக்கையா தின்னுட்டுப் போகும்?"

பொட்டலம் கட்டியது தன் கைதான் என்பது மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. அத்தனை மணிகளும் அவர் கண்ணெதிரே முழுசு முழுசாகத்தான் கிடந்தன.

"யாருன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று வாத்தியார் கேட்டார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான் பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே, டேப்பைத் தொடாம அதுக்குக் கீழ கடிச்சிருக்குன்னு சொன்னீங்க. காலைலேருந்து யாரும் திறக்கலைன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அப்புறம், ஏன்னு யோசிச்சேன். மெயின்ரோடு நாள்ல மட்டும் வண்டி கெட்டுப்போகுது. இவர் பக்கத்துல நின்னு கை நீட்டினார், நீங்க பார்க்கல. திமிருன்னு இவர் நெனச்சிருப்பார். அடுத்து, தெனமும் நடக்கற இடத்துல இருக்கற தூண்ல இடிச்சுக்கிட்டீங்க. நேரா பார்த்தா என் முகம் தெரியுது. ஓரத்துல இருக்கறது தெரியல. எவ்வளவு நாளா?"

வாத்தியார் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"சரியாத் தெரியலம்மா. கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடுச்சு. ஒரு நாள் பாங்கியில வேலை பார்க்கற ஒரு பொண்ணுக்கு மெயின்ரோட்டுல சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். 'ரோடு காலி, போம்மா'ன்னேன். அந்தப் பொண்ணு சடார்னு பிரேக் போட்டுச்சு. முன்னாடி ஒரு கொழந்தை, சைக்கிளோட விழுந்து கெடக்கு. சந்துலேருந்து வந்திருக்கு, நான் பார்க்கவே இல்ல. என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. அது எதுக்கு இருக்குன்னே மறந்த மாதிரி உக்காந்திருந்தேன்." ஸ்டீயரிங்கை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். "'சார், நீங்க பார்க்கலியா'ன்னு கேட்டுச்சு. உன்னைச் சோதிச்சேன், நீ பாஸ்னு சொன்னேன். கூசாம சொன்னேன். அதுக்கு ஒரே சந்தோஷம். அதுகிட்டப் பாராட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்."

"டாக்டர்கிட்டப் போயிருக்கலாமே" என்றார் மாப்பிள்ளை.

"போனா, ஓட்டாதேன்னு சொல்லிடுவாங்க. கழுகுக்குக் கண்ணு போச்சுன்னு ஊரே சிரிக்கும். அந்த நேரத்துல எலி வந்து வண்டி நின்னுச்சு. ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கினேன். வண்டி சரியாகி வந்ததும் மறுபடி வயித்துல புளியைக் கரைச்சுது. அதான் நானே எலியா மாறிட்டேன்." அவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "தினையைப் போட்டது இன்னிக்குத்தான். நீங்க வந்து பார்ப்பீங்கன்னு வீட்டுல சொன்னதும் பயந்துட்டேன். அந்த மனுஷனைக் காலி பண்ணச் சொன்னப்ப, ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல."

கார்க் கதவருகே நிழல் ஆடியது. மனைவி எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"எத்தனை தடவை கேட்டேன்" என்றார் அவர். "டம்ளரைத் தட்டிவிட்டப்பக் கேட்டேன், படியில தடுமாறினப்பக் கேட்டேன். ஊரு சிரிக்கும்னு பயந்தீங்க, சரி. நானுமா சிரிச்சிருப்பேன்?"

வாத்தியார் கதவைத் திறந்து இறங்கினார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் முதலில் மாடிக்கு, சொந்தக்காரரிடம் போனார்கள். பிறகு தீவனக் கடைக்கு. அங்கே வாத்தியார் வெகுநேரம் பேசுவது தெரிந்தது. கடைக்காரர் பதில் சொன்னாரா என்பது காரிலிருந்து தெரியவில்லை.

மாப்பிள்ளை பின் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. அத்தை திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"உங்களைத் தனியா விட்டுட்டு நான் உள்ள போயிருக்கக் கூடாது" என்றார் அத்தை. அவ்வளவுதான்.  மாப்பிள்ளைக்கு அது திட்டைவிடப் பெரிதாக உறைத்தது.

போன பார்வை திரும்பாது, தினமும் சொட்டு மருந்து விட்டுவந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டதாக வாத்தியாரின் மனைவி போனில் தெரிவித்தார். ரோட்டுக்கு வேறொரு பயிற்சியாளரை அமர்த்தியிருக்கிறார்களாம். இவர் அலுவலகத்தில் உட்கார்ந்து சாலை விதிகள் சொல்லிக்கொடுக்கிறாராம். அந்த பாங்கிப் பெண்ணைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாராம். தீவனக் கடையைக் காலி பண்ணும் பேச்சு போய்விட்டது. பொந்துக்கும் சிமெண்டு பூசியாகிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மாப்பிள்ளையின் மனைவி சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. வரைபடம் போட உட்கார்ந்தால், மூட்டையை மறுபடியும் கட்டிய அந்தப் பெண்ணின் கைகள்தான் கண்ணில் வந்தன. ஒருநாள் மதியம், கடையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பிப் போனார். அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

கடை காலியாகத்தான் இருந்தது. மகள் உள்ளே கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளைத் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். கடைக்காரர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாலு பேரு முன்னாடி எலி விக்கிறவன்னு சொல்லிட்டுப் போனீங்க" என்றார் நிதானமாக. "மன்னிப்பு மட்டும் ஆளில்லாத நேரமாப் பார்த்து வந்து கேக்கறீங்க."

மாப்பிள்ளையின் காதுமடல் சுட்டது.  அன்றைக்கு விறுவிறுவென்று வந்து ஏறிய அதே படியில், ஓரமாக ஒதுங்கி நின்றார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. கடைக்காரர் அவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கிளிக்கூண்டுக்காரர் ஒருவர், புறா வளர்க்கும் கணவனும் மனைவியும், இன்னும் இரண்டு பேர். படியில் நிற்கிற ஆளைத் தாண்டிக்கொண்டு அவர்கள் ஏறினார்கள். கடை நிறைந்ததும் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம். இந்தக் கடைத் தீவனத்துல எலி இருக்கு, அதுதான் காரைக் கடிச்சுதுன்னு நான் இங்க வந்து சத்தம் போட்டேன். சில பேர் கேட்டிருப்பீங்க. நான் சொன்னது பொய். கண்ணு முன்னாடி இருந்ததைப் பார்க்காம, கெட்டிக்காரன்னு காட்டிக்கறதுக்காகச் சொன்னேன். இவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

 புறாக்காரரின் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒருவர் இருமினார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது. மகள் கூண்டுகளுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் தராசின் முள்ளிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அடுத்தது யாருக்கு?" என்றார்.